லாசர் அண்ணன் வண்டிக்கு மூன்று எண்ணெய்

மோட்டார் சைக்கிளின் கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. "கம்ப்ரஷன் போயி. சிலிண்டர் போர் அடிச்சு புது பிஸ்டன் போடணும், கேட்டோ," என்றார் மலையாளியான ராகவன் மேஸ்திரி. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி அவர். எண்பதுகளின் ஆரம்பம் அது.

வண்டிக்காரர் லாசர் அண்ணன் முகம் சுண்டிப்போனது. விழிஞ்ஞத்து மீன் வியாபாரி. பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி, மலையில் வித்துராவுக்கு மேலே உள்ள எஸ்டேட் பங்களாவுக்கு நெய்மீன் கொண்டுபோகிறவர். அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மீனால்தான்.

"ஒரு வாரமா மேடு ஏற மாட்டேங்குது. நாளைக்கும் சமையலுக்கு முன்னாடி மீன் வரலன்னா இனி வரவே வேண்டாம்னுட்டாரு தொரை."

அந்த சிலிண்டரின் உட்சுவரை ஏற்கெனவே கடைசி அளவு வரை கடைந்து போர் அடித்தாயிற்று. இனி அடித்தால் அந்த அகலத்துக்குப் பிஸ்டன் கிடையாது. புது சிலிண்டர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும்; வந்தால் உண்டு.

எனக்கு ஒன்று உறுத்தியது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் நீலப் புகை விட வேண்டுமே, இது விடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, "மேஸ்திரி, இப்ப மிதிங்க" என்றேன். காற்று என் விரலைத் தள்ளி எறிந்தது. இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை. வழுக்குவது கிளட்ச். இந்தப் பழைய டிசைனில் கிக்கர் மிதிப்பதும் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். பிளக் இல்லாத லேசான சுழற்சிக்கு அது தாங்கும்; மூடிய சிலிண்டரின் அழுத்தத்துக்கு வழுக்கிவிடும். அது வழுக்கினால் கிக்கரும் இளகும், மேடும் ஏறாது.

"அண்ணே, புதுசா ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஊத்தாம? கார்க்காரங்க போடுற உசந்த ஆயிலாக்கும், வழுவழுன்னு இருக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் கேஸ், மூணுக்கும் அதான். ஒரு வண்டியோட பிள்ளைக தானே, ஒண்ணுக்கு நெய்யும் ஒண்ணுக்குக் கஞ்சியுமா ஊத்துவேன்?"

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோளாறு அந்த ஆயிலில்தான் என்று நான் சொன்னதை நம்பவில்லை. "சரியாகலேன்னா மீனை நீதான் சுமக்கணும், கேட்டோடா."

மூன்றையும் வடித்தேன். கிளட்ச் பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். கார் ஆயிலில் கலந்திருந்த வழுவழுப்பு மருந்துதான் அவற்றை ஒன்றையொன்று பிடிக்க விடாமல் செய்தது; அதனால் கிளட்ச் கேஸுக்கு எதுவும் கலக்காத சாதா மெல்லிய ஆயில். இன்ஜினுக்கு, தேய்ந்த பாகங்களின் தாராளமான இடைவெளிக்கும் இந்த ஊர் வெக்கைக்கும் ஏற்ற நாற்பது கிரேடு ஆயில். கியர்பாக்ஸுக்கு அதைவிடக் கெட்டி ஆயில். மாட்டி முடித்து மிதித்தேன். கிக்கர் என் காலை எதிர்த்து நின்றது.

மறுநாள் விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணன் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஐஸ் பெட்டிதான் எனக்கு சீட். வித்துரா தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு. அண்ணன் இரண்டாவது கியர் போட்டார். நான் குனிந்து கிளட்ச் பக்கம் காதைக் கொடுத்தேன். சத்தம் ஏறியது, கூடவே வண்டியும் ஏறியது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது, எங்கும் தயங்கவில்லை. அண்ணன் உரக்கப் பாடவே ஆரம்பித்துவிட்டார். ஐஸ் தண்ணீர் கால்சட்டைக்குள் இறங்கியதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பங்களாவில் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். துரை வெளியே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "நாளைக்கும் இதே நேரம்," என்றுவிட்டு உள்ளே போனார். அண்ணன் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

இறங்கும் வழியில் கேட்டார்: "தம்பி, அந்த உசந்த ஆயில் அரை டின் மிச்சம் கெடக்கே, என்ன செய்ய?"

"ஒரு கார் வாங்குங்க, அண்ணே."

இன்று ஸ்பேனர் பிடிக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். டின்னின் விலையைப் பார்க்கும் முன், வண்டியில் நீங்கள் திறந்த மூடிக்குள் என்ன பாகம் இருக்கிறது என்று பாருங்கள். வழுக்க வேண்டியது வழுக்கட்டும். பிடிக்க வேண்டியது பிடிக்கட்டும்.