சொல்கிறபடி எழுதும் நாடு

கிள்ளானைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் சுகுமாறன் இந்த உலகத்தில் அஞ்சியது இரண்டு பேருக்கு. ஒருவர், சாலையில் கை நீட்டி லோரியை ஓரங்கட்டும் அதிகாரி. மற்றவர், மனைவியின் அண்ணன் இராமலிங்கம். முன்னவர் டயரைப் பார்ப்பார். பின்னவர் எழுத்தைப் பார்ப்பார். டயரையாவது மாற்றிவிடலாம்.

சுகுமாறனின் சரித்திரம் சுருக்கமானது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய தகப்பனுக்குப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கு நின்றார். ஆங்கிலம் வென்றது. தோற்றவர் லோரியில் ஏறினார். அன்று முதல் துறைமுகத்துச் சரக்குப் பெட்டிகளை ரவாங்குக்கும் பூச்சோங்குக்கும் பத்திரமாகக் கொண்டுசேர்த்து, அந்த வருமானத்தில் வீடு வாங்கி, நாமக்கல்லில் பெண் எடுத்து, மனைவி குமுதாவோடு குறையில்லாமல் வாழ்கிறார். குறையென்று சொன்னால், குமுதாவின் அண்ணன் அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். அவ்வளவுதான் குறை.

கல்யாணமான புதிதில் மச்சானுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்றைப் போனில் ஆங்கிலத்தில் அனுப்பினார் சுகுமாறன். பதிலுக்கு நன்றி வரவில்லை. அவர் அனுப்பிய அதே வாழ்த்து, எழுத்துப்பிழைகள் நீக்கப்பட்டு, கடைசியில் முற்றுப்புள்ளியோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு மச்சானோடு அவர் நடத்திய தகவல் பரிமாற்றம் முழுவதும் ரோஜாப்பூக்களாலும் கட்டைவிரல்களாலும் ஆனது.

அப்பேர்ப்பட்ட இராமலிங்கம், மனைவி சீதாலெட்சுமியோடும் ஒரே மகள் வெண்பாவோடும் கோடை விடுமுறைக்கு மலேசியா வந்து இறங்கினார். மூவருக்கும் இதுவே முதல் வெளிநாடு. மறுநாள் காலை ஊர் சுற்றிக் காட்டக் கார் சாவியை எடுத்த சுகுமாறனைக் குமுதா சமையலறைக்குள் இழுத்து, குரலைத் தாழ்த்திக் கட்டளையிட்டாள்.

"இங்க பாருங்க. இன்னைக்கு எங்கண்ணன் வாயில இருந்து ஒரு 'ஆ' வரணும். வந்தே ஆகணும்."

"வரலைன்னா?"

"'நம்ம ஊரு மாதிரிதான்'னு ஊருக்குப் போயி சொல்லிடுவாரு. கனடாவுல இருக்குற தங்கச்சி புருஷன் பனியை அள்ளி அள்ளி போட்டோ அனுப்புறாரு. உங்ககிட்ட பனி இருக்கா?"

சுகுமாறனிடம் பனி இல்லை. வெயிலும் மழையும்தான் இருந்தன, அவை நாமக்கல்லிலும் இருந்தன. இருந்தாலும் அவர் ஒரு வியூகம் வகுத்தார். பெரியவரை வியக்கவைப்பது கடினம். பிள்ளையை வியக்கவைப்பது சுலபம். வெண்பா 'ஆ' என்றால் தகப்பனும் 'ஆ' என்று சொல்லியே ஆகவேண்டும்.

வெண்பா நான்காம் வகுப்பு முடித்தவள். செய்யுளிலேயே மிகக் கண்டிப்பான ஒன்றின் பெயரை அவளுக்குச் சூட்டியிருந்தார்கள். ஆனால் அவளுடைய ஆங்கில எழுத்து எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. காதில் விழுந்தபடி எழுதிவிடுவாள். ஆங்கில ஆசிரியர் வீட்டில் இது, அர்ச்சகர் வீட்டில் ஆட்டுக்கறி மணப்பதற்குச் சமம். அதனால் அவள் அதிகம் பேசாமல், தலையைக் குனிந்தே நடந்து பழகியிருந்தாள்.

முதலில் இரட்டைக் கோபுரம். சுகுமாறன் காரை நிறுத்தி, தாமே கட்டியவர்போலக் கையை உயர்த்தினார்.

"பாரும்மா! கழுத்து வலிக்கும், பரவால்ல, நல்லா பாரு!"

வெண்பா அண்ணாந்து பார்த்தாள். மரியாதையாகத் தலையாட்டினாள். "பாத்திருக்கேன் மாமா. எங்க மிஸ்ஸோட போன்ல இருக்கு."

இராமலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பரிசீலித்தார். "உசரந்தானுங்க மாப்ள. ஆனா இத்தன கண்ணாடியையும் தொடைக்கோணுமே, பாவம்."

அடுத்தது பத்துமலை. வெயிலில் தகதகவென்று நின்ற பொன்வண்ண முருகனைக் கண்டு சுகுமாறனுக்கே வழக்கம்போல் மயிர்க்கூச்செறிந்தது. இராமலிங்கம் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்தியில் எந்தக் குறையும் வைக்காமல் சொன்னார்: "நம்ம சேலத்துப் பக்கம் ஒண்ணு எழுப்பியிருக்காங்க மாப்ள. இதைய விடக் கொஞ்சம் உசரமுங்க."

சுகுமாறன் முருகனைப் பார்த்தார். முருகன் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர் செய்தது சரித்திரப் பிழை. பசித்தவர்களை நல்ல இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்ற ஒரே நல்லெண்ணத்தில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஓட்டிவந்துவிட்டார். காரிலிருந்து இறங்கியதும் மல்லிகைச் சரம் மணந்தது. ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு அலறியது. பட்டுச்சேலை கட்டிய பொம்மைகள் கடை வாசலில் வரிசையாக நின்றன. "வாங்க பாஸ், எல சாப்பாடு சூடா இருக்கு!" என்று ஒருவர் வழிமறித்தார்.

வெண்பா மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, நாம ஊருக்குத் திரும்பிட்டமா?"

சீதாலெட்சுமி மனம் குளிர்ந்து போனாள். "ஏனுங்க, அப்படியே நம்ம ஊரு..."

"அண்ணி, எலயப் போட்டுட்டாங்க!" என்று குமுதா பாய்ந்து அந்த வாக்கியத்தை நடுவில் வெட்டினாள். மீதி ஒரு சொல்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு முழுவதும் அவள் கணவனைப் பார்த்த பார்வையில் ரசம் கூடக் கொஞ்சம் தயங்கித்தான் தொண்டையில் இறங்கியது.

சாப்பிட்டு வெளியே வந்தபோதுதான் அது நடந்தது. கூட நடந்த வெண்பா திடீரென்று நின்றுவிட்டாள். நடைபாதை ஓரத்தில் ஒரு ரோந்துக் கார் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்துகள். அவள் உதடு அசைந்தது.

"பி... ஓ... எல்... ஐ... எஸ்."

இன்னொரு முறை படித்தாள். கிட்டப்போய், தொடாமல், விரலால் காற்றில் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து பார்த்தாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் காலையிலிருந்து இல்லாத அளவுக்கு விரிந்திருந்தன.

"மாமா, இதை யார் எழுதினது?"

"போலீஸ்தான் லா. அவங்க காரு," என்றார் சுகுமாறன், மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

"போலீஸேவா?"

"ஆமா."

"நானும் இப்படித்தான் எழுதினேன்! மிஸ் சிவப்பு மையில அடிச்சிட்டாங்க. தப்பா எழுதுனா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்னு அப்பா சொன்னாங்க." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இங்க போலீஸே இப்படித்தான் எழுதுது!"

இராமலிங்கம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. "என்னங்க மாப்ள, கவர்மெண்டே கோட்டை விட்டிருக்குது?"

சுகுமாறனுக்கு முகம் சிவந்தது. பள்ளிக்கூடத்தில் இதே சொல்லை இதே எழுத்துகளில் எழுதித்தான் அவரும் ஆங்கிலத்தில் தோற்றிருந்தார். இத்தனை காலமும் அதைத் தம்முடைய மடமை என்றே எண்ணியிருந்தார். இப்போது மச்சான் முன்னால் தாய்நாடும் தம்மோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கண்டதும் வாய் தானாகத் திறந்தது.

"அது இங்கிலீஷ் இல்ல மச்சான். மலாய். வாயில எப்படி வருதோ அப்படியே எழுதுறது. அதான் இங்க ரூல்."

"எல்லாத்தையுமா மாமா?" என்றாள் வெண்பா.

"இங்கிலீஷ்ல இருந்து வந்தத எல்லாம். வா, காட்டுறேன்."

அத்தோடு அவர் வகுத்த வியூகம் முறிந்தது. அதில் மீதமிருந்த சாக்லேட் கடையும் மீன் காட்சியகமும் கைவிடப்பட்டன. முன்னிருக்கையில் இருந்த மச்சானைப் பின்னால் அனுப்பிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கிள்ளானுக்குத் திரும்பும் பழைய நெடுஞ்சாலையில் இடப்பக்கமாக உருட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர்களுக்கு இது கல்விச் சுற்றுலா என்று தெரியாது.

"பஸ்ஸு, மாமா! பி, ஏ, எஸ். அவ்வளவுதான்! வேற எழுத்தே இல்ல!"

"எதுக்கு லா வேற எழுத்து?"

"டாக்ஸில எக்ஸே இல்ல! கிளினிக்கு கே-ல ஆரம்பிச்சு கே-லயே முடியுது! ஐயோ, ஃபார்மசி! எஃப்! மாமா, எஃப்!"

"அங்க பாரு, ஐஸ்கிரீம் வண்டி. ஏ, ஐ, எஸ்."

வெண்பா இருக்கையில் முழங்காலிட்டு எழுந்தேவிட்டாள். 'ஆ' என்ற ஓசை அவளிடமிருந்து ஒருமுறையல்ல, சாலையோரப் பலகை தோறும் வந்தது. ஒலிக்காமல் சும்மா இருந்துகொண்டு ஊரையே குழப்பும் எழுத்துகளை எல்லாம் ஒரு நாடே கூடி வேலையிலிருந்து நீக்கியிருக்கிறது. அதற்காக யாரும் முட்டி போடவில்லை. காவல்துறை உட்பட அனைவரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

சுகுமாறனும் பலகைகளைப் புதிதாகப் பார்த்தார். இந்தப் பலகைகளுக்குக் கீழேதான் தினமும் லோரி ஓட்டுகிறார். ஒன்றையாவது நின்று பார்த்ததுண்டா? பரீட்சையில் அவர் விட்ட பிழைகள் அத்தனையும் இங்கே இரவில் ஒளிரும் வண்ணம் பூசி, கம்பத்தில் ஏற்றி, அரசாங்கச் செலவில் நிறுத்தப்பட்டிருந்தன.

"லோரி!" என்று கூவினாள் வெண்பா. "மாமா, உங்க லோரி! எல், ஓ, ஆர், ஐ!"

"ஆமாம்மா," என்றார் சுகுமாறன். "நம்ம லோரி."

பின்னிருக்கையில் குமுதா ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். தங்கச் சிலைக்கும் கண்ணாடிக் கோபுரத்துக்கும் அசராத மனிதர் இப்போது முகம் வெளுத்து ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தார். இத்தனை ஆண்டு சிவப்பு மையும் வீணோ என்ற கவலையாக இருக்கலாம். "வெளிநாடு பாக்கோணும்னு கேட்டமே, இப்பத்தான் வந்துருச்சுங்க," என்று சீதாலெட்சுமி மெல்லச் சொன்னாள். குமுதாவுக்குப் புதுக் கவலை பிடித்தது. ஊருக்குப் போய், நம்ம ஊர் மாதிரி என்றுகூட இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத நாடு என்று சொல்லிவிட்டால்?

கிள்ளானை நெருங்கியதும் இளநீர் குடிக்க இறங்கினார்கள். இளநீர் வண்டி ஒரு பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி நின்றது. விடுமுறை நாள், கதவு பூட்டியிருந்தது. கதவின் அருகே கார்களுக்குக் கோடு போட்ட இடம், அதற்கு மேலே ஒரு பலகை. வெண்பா அதையும் விடவில்லை.

"ஜி, யூ, ஆர், யூ. குரு!"

இராமலிங்கம் இளநீரிலிருந்து தலையைத் தூக்கினார். "குருவா? சாமியாருங்களுக்குத் தனியா பார்க்கிங்கா? ரொம்பத்தான் மரியாதையா இருக்குது."

"சாமியாரு இல்ல மச்சான்," என்றார் சுகுமாறன். "வாத்தியாருங்க காரு நிறுத்துற இடம். இங்க வாத்தியாருக்குப் பேரே அதான். குரு."

"சும்மா மரியாதைக்குக் கூப்பிடறதுங்களா?"

"கவர்மெண்டு எழுத்துலயே அப்படித்தான் லா."

இராமலிங்கம் இளநீரை வண்டிமேல் வைத்தார். "எல்லா வாத்தியாரையுமா?"

"எல்லாரையும்."

"கணக்கு வாத்தியாரு?"

"குரு."

"இங்கிலீஷ் வாத்தியாரு?"

"குரு, மச்சான்."

"பி.டி. வாத்தியாருமுங்களா?"

"விசிலை ஊதுறவரும் குருதான்."

"ஆ!" என்றார் இராமலிங்கம்.

அது சிறிய 'ஆ' அல்ல. இளநீர்க்காரர் கத்தியோடு திரும்பிப் பார்த்தார். குமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாமக்கல்லில் இராமலிங்கத்தைப் பெற்றோர்கள் 'சார்' என்பார்கள், தாளாளர் 'யோவ்' என்பார், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள். கடல் தாண்டி ஒரு தேசம், அவரைக் கேட்காமலே, கார் நிறுத்தும் இடத்தில்கூட அவரைக் குரு என்று எழுதி வைத்திருந்தது.

அவர் செருப்பைக் கழற்றப் போனார். பிறகு சுதாரித்து, சட்டையை இழுத்துவிட்டு, பலகைக்குக் கீழே கோட்டுக்குள் நேராகப் போய் நின்றார்.

"மாப்ள, ஒரு போட்டோ எடுங்க. போர்டு பூரா வரோணும். கனடாக்காரருக்கும் அனுப்பிருங்க."

"அப்பா, அதுல தப்பு ஒண்ணும் இல்லியே?" என்றாள் வெண்பா கவலையோடு.

"இல்ல கண்ணு. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்ல."

சுகுமாறன் போனை உயர்த்தினார். "சிரிங்க மச்சான்!"

குரு சிரிக்கவில்லை.