அக்கா கேட்காத சீட்டு

தீவு நாடொன்றின் தலைநகரான தராவாவில், விமான நிலையத்துக்குப் போகிற சாலையோரம், தகரக் கூரை போட்ட ஒரு பயண அலுவலகம் இருக்கிறது. தெற்குத் தீவுகளுக்குப் போக வேண்டியவர்கள் யாராக இருந்தாலும் அங்கே தாகரினாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். என்றைக்குப் பறப்பது, எங்கே தங்குவது, எதை எடுத்துப் போவது, எல்லாம் அவள் சொல்வதுதான். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே மின்விசிறி. அது காற்று தந்ததைவிடச் சத்தம் தந்ததே அதிகம்.

அவள் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். தெற்கே தமானா தீவுக்கு வாரத்துக்கு ஒரே விமானம், புதன்கிழமை. அதுவும் எண்ணெய் இருந்தால், ஓடுபாதையில் தண்ணீர் தேங்கவில்லை என்றால், விமானிக்கு வயிறு சரியாக இருந்தால். அதனால் மூன்று நாள் பயணம் என்று வந்து நிற்கிறவனிடம், "பத்து நாளைக்கு அரிசி எடுத்துக்கோங்க, கொசுவலையும் எடுத்துக்கோங்க" என்பாள். அவன் சிரிப்பான். பதினோராம் நாள் கறுத்துத் திரும்பி வந்து, "நீங்க சொன்னது சரிதான்" என்பான். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போய்விட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் வேறு ரகம். "அறையிலிருந்து கடல் தெரியுமா?" என்று ஒரு தம்பதி கேட்டார்கள்.

"தீவே ஒரு மைல் அகலம்தான். கடல் தெரியாத அறை வேணும்னு கேட்டீங்கன்னாதான் கஷ்டம்" என்றாள் அவள். அவர்கள் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி எடை. விமானத்தில் பதினாறு இருக்கை இருக்கும். ஆனால் திரும்பி வருவதற்கான எண்ணெயையும் சுமந்துகொண்டே போக வேண்டுமென்பதால், ஆளையும் மூட்டையையும் சேர்த்துத் தராசில் ஏற்றிப் பார்த்தால் பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது. காலியாகக் கிடக்கிற இருக்கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷனை இறக்கிவிட வேண்டும். இறக்கப்பட்டவன் விமானியைத் திட்டமாட்டான், தாகரினாவைத்தான் திட்டுவான்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, அவள் மட்டும் தமானாவுக்குப் போனதே இல்லை. காரணம் ஒரே ஒரு சொல். அந்தத் தீவுகளில் சொந்தக்காரர் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்து "புபுசி" என்று கேட்டுவிட்டால், கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். பாயாக இருக்கட்டும், பன்றியாக இருக்கட்டும், நேற்று வாங்கிய மிதிவண்டியாக இருக்கட்டும். இல்லை என்று சொல்லலாம், சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னவளின் பேர் ஊர்க்கூடத்தில் நாறும். பிள்ளை குட்டிக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். தாட்சண்யம் தன நாசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்று தடவை தனக்கென்று சீட்டு போட்டாள். ஒரு தடவை மாமா ஒருவர் வந்து புபுசி கேட்டார். இரண்டாம் தடவை போதகராக இருந்த பங்காளி. மூன்றாம் தடவை ஒரு விதவை, புருஷனின் சவப்பெட்டியை ஊருக்குக் கொண்டுபோக. செத்தவருக்கு எடை இன்னும் அதிகம்.

மூன்று தடவையும் அவள் கிளம்பியது ரொரேசிக்காக. ரொரேசி அவள் வயிற்றில் பிறந்தவள்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், பிள்ளையில்லாத அக்கா தெவாத்தா தமானாவிலிருந்து கப்பலில் வந்தாள். இரண்டு நாள் தங்கினாள், மீன் சாப்பிட்டாள், ஊர்க்கதை பேசினாள். மூன்றாம் நாள் காலையில் தங்கையின் ஏழு மாத வயிற்றைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள். தாகரினாவுக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள். கணவன் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் மாலுமி, வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பவன். அழுதாளா என்றால் அழுதாள். கொடுத்தாளா என்றால் கொடுத்தாள். அங்கே அது ஒன்றும் அதிசயம் இல்லை, நாலு வீட்டில் ஒரு வீட்டில் இப்படி வளர்கிற பிள்ளை உண்டு. ரொரேசி தெவாத்தாவை அம்மா என்பாள், தாகரினாவைச் சித்தி என்பாள். விஷயம் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்போது ரொரேசிக்குக் கல்யாணம், சனிக்கிழமை. தெவாத்தாவோ சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, இரண்டு மாதமாகத் தராவா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னும் ஒரு வாரமாவது இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் கல்யாணத்தன்று பெண்ணுக்குப் பக்கத்தில் அம்மா ஸ்தானத்தில் பாயில் உட்காரப்போவது தாகரினா. அக்கா படுத்திருப்பதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் அக்கா படுத்திருப்பதால் வந்த சந்தோஷம் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த முறை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று ஒரு தந்திரம் செய்தாள். பயணிகள் பட்டியலைப் பலகையில் ஒட்டுவது வழக்கம். யார் யார் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொந்தக்காரர்கள் கேட்க வருவார்கள். அதில் தன் பேரை எழுதாமல், பதினொரு பேருக்குக் கீழே "சாமான், எழுபத்திரண்டு கிலோ" என்று எழுதினாள். சாமானிடம் யார் புபுசி கேட்பார்கள்?

தராசைப் பார்த்துக்கொள்ளும் பெத்தேரோவுக்கு அதைப் படித்ததும் சிரிப்புத் தாங்கவில்லை. "யக்கா, இந்தச் சாமான் தராசுல ஏறும்போது நான் தூக்கணுமா, அதுவா ஏறிக்குமா?"

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

"சாமானுக்கு வாய் நீளம்தான்!"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு கம்பு தட்டும் சத்தம் கேட்டது. தெவாத்தா. காலில் வெள்ளைக் கட்டு, கையில் துணிப் பொட்டலம். ஆள் பாதியாகியிருந்தாள்.

"என்னக்கா இது? இன்னும் ஒரு வாரம்னாரே டாக்டர்?"

"கட்டில் வேற யாருக்கோ வேணுமாம். புண்ணு ஆறிடுச்சு, வீட்ல போய்க் கட்டுப் போட்டுக்கன்னு அனுப்பிட்டாரு." நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிய பிறகு, பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். கடைசி வரியில் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமான் வேளா வேளைக்குச் சாப்பிடுதா?" என்றாள்.

பெத்தேரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். தாகரினாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"கப்பல் எப்ப?" என்று கேட்டாள் தெவாத்தா.

"வியாழக்கெழம சாயங்காலம். ஞாயித்துக்கெழம போய்ச் சேரும்."

"கல்யாணம் சனிக்கெழம."

"ஆமா."

இப்போது கேட்பாள் என்று தாகரினா காத்திருந்தாள். பதில் தயாராக இருந்தது. உயிரோடிருக்கும் ஒரு சொந்தத்தின் முகத்தைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாக, முடியாது என்று சொல்லப்போகிறாள். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். தெவாத்தா காலை நீட்டித் தேய்த்துக்கொண்டாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கறதுன்னா கேளுக்கா" என்றாள் தாகரினா. பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

"என்னத்த?"

"தெரியாத மாதிரி பேசாத."

தெவாத்தா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்கிட்ட ஒரு தடவ கேட்டுட்டேன்டி. இன்னொரு தடவ கேக்க எனக்கு வாய் வரல. நீ போயிட்டு வா. கப்பல்ல எனக்கு ஒரு எடம் பாத்துக் குடு, போதும்."

கேட்டிருந்தால் எவ்வளவோ சௌகரியம். கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டு அவமானப்படலாம். இரண்டுக்கும் அவளுக்கு வழி தெரியும். கேட்காத ஒன்றை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அக்காவின்மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்கவில்லைதானே, நான் ஏன் கொடுக்க வேண்டும்? என் சீட்டு. இருபத்து நான்கு வருஷத்தில் எனக்கென்று ஒரே ஒரு நாள்.

சீட்டைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கப்பல் மேல்தட்டில் மழைச் சாரல் அடிக்காத இடம் சமையலறைச் சுவருக்குப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். சமையல்காரனுக்குப் போன் போட்டு அந்த இடத்தில் பாய் விரிக்கச் சொன்னாள். தெவாத்தாவுக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான், பதநீர் கேட்டாலும் கொடுக்காதே என்றாள். தமானாவில் கப்பல் கரைக்கு வராது, படகில் இறங்கி அலை தாண்டிப் போக வேண்டும். கட்டு நனையாமல் இருக்க காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, கட்டுவதற்குக் கயிறு, மாற்றுத் துணி மூன்று எடுத்து வைத்தாள். இப்படி ஒரு பயணத்தை அவள் யாருக்கும் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் திட்டமிட்டதில்லை. முடித்தபோது முதுகு ஒடிந்துவிடும்போல் இருந்தது.

புதன்கிழமை காலை தராசில் ஏறினாள். முள் எழுபத்து நாலைக் காட்டியது.

"சாமான் ரெண்டு கிலோ ஏறிடுச்சே" என்றான் பெத்தேரோ. அவள் சிரிக்கவில்லை.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை. கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எடை தாங்காது என்பதால் காலி, வேறு காரணமில்லை. இத்தனை வருஷமாக ஆயிரம் பேருக்கு அதை விளக்கியிருக்கிறாள். ஆனாலும் வழி முழுக்க அந்தப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

தமானா ஓடுபாதையில் பாதி ஊர் நின்றிருந்தது. விமானம் வந்தால் அப்படித்தான், யாரும் வராவிட்டாலும் வருவார்கள். கதவு திறந்ததும் ரொரேசி ஓடி வந்தாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு, சிரித்தால் தாகரினாவின் பல்வரிசை. சித்தியைக் கட்டிக்கொண்டு, தலையில் பூவளையத்தை வைத்து, அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் மூக்கை வைத்து அழுத்தினாள். இதற்காகத்தான் வந்தது. தாகரினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரொரேசி அவள் தோளுக்கு மேலாக விமானத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் இறங்கினார். இன்னொருவர் இறங்கினார். கடைசியாக விமானி இறங்கி நின்று சோம்பல் முறித்தான்.

"அம்மா எங்க சித்தி?"

தாகரினா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"தேறிட்டாங்க, அனுப்பிட்டோம்னு நர்ஸ் போன்ல சொன்னாங்களே. நீங்க இருக்கீங்க, எப்படியும் எடம் போட்டு ஏத்திடுவீங்கன்னு நெனச்சேன்." அப்போதுதான் தாகரினா கவனித்தாள், பெண்ணின் முழங்கையில் இன்னொரு பூவளையம் தொங்கிக்கொண்டிருந்தது.

"கப்பல்ல வர்றா. நாளைக்குக் கெளம்புது."

தமானாவில் கப்பல் கணக்கு தெரியாத ஆள் கிடையாது. நாளை கிளம்பினால் ஞாயிறு. ரொரேசி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் மட்டும் எப்படி வந்தீர்கள் என்றோ, ஏன் என்றோ கேட்கவில்லை. முழங்கையிலிருந்த வளையத்தைச் சற்று மேலே ஏற்றிக்கொண்டு, "சரி, வெயில்ல நிக்காதீங்க, வாங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளையின் தகப்பனார் கபோவா ஒரு லாரியோடு வந்திருந்தார். ஊர்க்கூடத்தில் அவர் பேச்சுக்கு எடை உண்டு, ஆளுக்கும் எடை உண்டு. "வாங்க சம்பந்தி! ஊருக்கெல்லாம் தங்க எடம் பாத்துக் குடுக்கறவங்களுக்கு நாங்க எடம் பாத்திருக்கோம். விடுதியில இருக்கறதுலயே நல்ல கட்டில், நாலு காலும் இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சம்பந்தி" என்றாள் தாகரினா. அடுத்து சொல்லப்போகிற சொல்லை அவள் ஆயிரம் பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள், தன் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. "புபுசி."

சிரிப்பு நின்றது. "எறங்கினதும் எறங்காததுமாவா?" என்றார் கபோவா. "சரி, கேளுங்க. பன்னி வேணுமா, படகு வேணுமா?"

"நாள் வேணும். கல்யாணத்தத் திங்கக்கெழமைக்கு வைங்க."

"அம்மாடி, பன்னியெல்லாம் கட்டியாச்சு. நாலு ஊர் ஆளு கெளம்பியாச்சு. கெழங்கு தோண்டியாச்சு."

"தெரியும்."

கபோவா லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். "குடுத்துட்டேன், போங்க. எதுக்குன்னாவது சொல்லுங்க. பெரியவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

ரொரேசி திரும்பிப் பார்த்தாள்.

"பொண்ணோட அம்மா கப்பல்ல வர்றான்னு சொல்லுங்க" என்றாள் தாகரினா.