நான் தெரிந்தெடுத்த மட்டை

மாமியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கதிரைகளில் இருந்து ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டுப் போனவர்கள்தான். பிறகு எனக்கு மாமாவாக வந்தவர் மட்டுந்தான் எங்களைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூப்பிட்டார்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்துகொண்டு எங்களோடுதான் இருந்தார். எனக்கு ஒன்பது வயதாகும்வரை நான் படுத்தது மாமியின் கட்டிலில்தான். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டதும் மாமிதான். அம்மா பின்னினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பது என் அசைக்க முடியாத கருத்து.

கனடா, சுவிஸ் என்று வந்த சம்பந்தங்களை மாமி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துவிட்டார். "அவ்வளவு தூரம் போக என்னால ஏலாது, அண்ணா" என்பார். அப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. தூரத்திலிருந்து வருவது எதுவும் தரமானதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர் அப்பா. கடைசியில் எங்கள் துறைமுகத்திலேயே பொறியியலாளராக இருந்த மட்டக்களப்புக்காரர் ஒருவரின் சம்பந்தம் வந்தபோது, அப்பா அரை மனதோடுதான் தலையாட்டினார். மாமி புதிதாக ஒரு நிபந்தனை போட்டார். வீட்டில் எல்லாரும் சுற்றியிருக்கக் கதைக்க ஏலாது, வெளியில் எங்காவது ஆறுதலாகக் கதைக்க வேண்டும். அதற்கு அந்தப் பொறியியலாளர் சொல்லியனுப்பிய இடம்தான் சீனக்குடாப் பக்கத்துக் கோல்ஃப் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கே விளையாடப் போவாராம்.

காவலுக்கு அப்பாவும் நானும் போனோம். அப்பா குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தேன். நடுவை விட்டுக்கொடுப்பதில்லை என்ற முடிவோடுதான் வீட்டிலிருந்தே புறப்பட்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஊரெல்லாம் புல் கருகிக் கிடக்க, அந்த இடம் மட்டும் பச்சைப் பாயாக இருந்தது. மரங்களுக்கு இடையால் குடாக்கடல் தெரிந்தது. பொறியியலாளர் ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், முதுகில் ஒரு நீளப் பை நிறைய மட்டைகளோடு நின்றார். நான் எதிர்பார்த்த வில்லனைப் போல இல்லை. அதனாலேயே அவர் மேல் எனக்குக் கோபம் கூடியது.

முதலில் மட்டைகளைக் காட்டினார். ஆக நீளமானது, தலை பருத்தது. அதன் பெயர் ட்ரைவராம். அதைப்போல வேறொன்றும் பந்தைத் தூரம் அனுப்பாதாம். பிறகு இரும்புத் தலை வைத்த, நீளம் குறைந்த கட்டை மட்டைகள்.

"நீட்டால அடிச்சாத் தூரம் போகும். ஆனா அடிக்கேக்க ஒரு நூல் சரிஞ்சாலும், அங்க போய் விழேக்க ஒரு தென்னந்தோப்பு அகலத்துக்கு விலகியிடும்" என்றார். "கட்டையால அடிச்சா நினைச்ச இடத்துக்குக் கிட்ட விழும். தூரம் காணாது, இன்னொருக்கா அடிக்கவேணும்."

"அப்ப எதை எடுக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று மாமி கேட்டார்.

"கன நாள் எனக்கும் தெரியாது. நீட்டைத்தான் தூக்குவன். அடிக்கேக்க எல்லாரும் பாப்பினமெல்லோ. பிறகு பத்தைக்குள்ள பந்து தேடேக்க ஒருத்தரும் வரமாட்டினம்."

மாமியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதற்கு முன் வந்தவர்களின் கதைக்கு மாமி அப்படி வாயை அசைத்ததில்லை.

அதற்குப் பிறகு இருவரும் நடந்து நடந்து கதைத்தார்கள். மருந்தகத்து வரிசையைப் பற்றி, கப்பல்களைப் பற்றி, அவருடைய அம்மாவின் கண் ஒப்பரேசனைப் பற்றி. நான் நடுவில் நடந்தும் பிரயோசனம் இல்லை. கதை என் தலைக்கு மேலால் போய் வந்தது.

அப்படியே ஓரிடத்துக்கு வந்தோம். எதிரே சின்னக் குளம் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் கொடி. வலப் பக்கம் நெடுக முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் விமானப்படையின் இடம். கச்சான் காற்று மரங்களை வேலிப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது.

அவர் காற்றைப் பார்த்துவிட்டு ஒரு கட்டை மட்டையை உருவினார். "குளத்துக்கு இஞ்சால விழுத்திப்போட்டு, பிறகு கடத்துவம்."

பின்னாலிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, அந்த நீட்டால அடிச்சா ஒரேயடியாக் கொடிக்கே போயிடுமெல்லோ?"

"போகும் அண்ணன். இந்தக் காத்துக்கு வேலிக்கு அங்காலயும் போகும்." பிறகு, அப்பாவின் முகம் வாடுவதைக் கண்டோ என்னவோ, என் பக்கம் திரும்பினார். "பிள்ளை சொல்லட்டும். எதால அடிப்பம்?"

எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது. எதை எடுத்தால் அடி பிழைத்துப்போகும் என்பதை அவரே பாடம் நடத்தியல்லவா சொல்லித் தந்திருந்தார். நான் பைக்குள் கையை விட்டு, என்னைவிடச் சற்றுத்தான் குள்ளமான அந்த ட்ரைவரை இரண்டு கையாலும் இழுத்தெடுத்து நீட்டினேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமியும் என்னைப் பார்த்தார். "சரி" என்று வாங்கிக்கொண்டார்.

அடி விழுந்த சத்தம் அழகாகத்தான் இருந்தது. அப்பா, "ஆ, அப்பிடி" என்றார். பந்து நேரே எழும்பி, குளத்துக்கு மேலே போய், பிறகு யாரோ நூல் கட்டி இழுத்ததைப்போல வலப் பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டி மறைந்தது. அடுத்த கணம் தகரக் கூரையொன்று வெடித்ததைப்போலச் சத்தம் கேட்டது.

அப்பா குடையைப் போட்டுவிட்டு என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டார். வேலிக்கு அப்பால் சீருடையோடு இரண்டு பேர் ஓடிவந்து, சிங்களத்தில் உரத்து ஏதோ கேட்டார்கள். ஒருவரின் தோளில் துவக்கு இருந்தது. மாமி அசையாமல் நின்றார்.

பொறியியலாளர் மட்டையைப் புல்லில் கிடத்தினார். "நீங்கள் இதிலயே நில்லுங்கோ, நான் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கைகள் தெரியும்படி, அவசரப்படாமல் வேலியடிக்கு நடந்தார்.

என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. துவக்கு வைத்திருந்தவர் எங்கள் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். இப்போது பொறியியலாளர் என்னைத்தான் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். 'அந்தப் பிள்ளைதான் எடுத்துத் தந்தது' என்று ஒரு சொல் போதும். அப்பாவின் சேர்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பொறியியலாளர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். தலையைக் குனிந்து இன்னும் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் மற்றச் சிப்பாய் சிரித்தார். உள்ளே போய்ப் பந்தைத் தேடியெடுத்து வந்து, வேலிக்கு மேலால் எறிந்தார்.

அவர் திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். "என்ன கேட்டவை?"

"ஆர் அடிச்சதெண்டு. இந்தக் காத்துக்கு ஆர் அந்த மட்டையைத் தெரிஞ்சதெண்டும் கேட்டவை. அவைக்கும் விளையாட்டுத் தெரியும்போல."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என்ட தெரிவுதான், பிழைச்சுப்போச்செண்டு சொன்னனான்." பந்தை என் கையில் தந்தார்.

அப்பா குடையைப் பொறுக்கிக்கொண்டு, "சரி, வெயில் ஏறுது, போவம்" என்றார்.

"நில்லுங்கோ அண்ணா" என்றார் மாமி. "நானும் ஒருக்கா அடிச்சுப் பாக்கிறன்." கீழே கிடந்த நீள மட்டையைத் தாண்டிப் போய், பையிலிருந்து அந்தக் கட்டை மட்டையை எடுத்து, என் கையிலிருந்த பந்தை வாங்கிப் புல்லில் வைத்தார். முதல் வீச்சில் புல்தான் பறந்தது. அடுத்ததில் பந்து தாழப் பறந்து, உருண்டு, குளத்துக்கு இந்தப் பக்கமாக நேரே போய் நின்றது.

"இனி உங்கட பந்துக்குப் பின்னால நடப்பம்" என்றார் அவர். மாமி வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன். வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. மாப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் பிழையாக அடித்து, சிப்பாய்களிடம் மன்னிப்புக் கேட்டு, அப்பாவைப் பயப்படுத்தியும் விட்டார். அப்பா என் பக்கம்தான் என்பதும் நிச்சயமாயிற்று. உட்துறைமுக வீதிக்கு வந்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"நல்ல பொடியன்தான். ஆனா ஒரு அடியைக்கூட நேரா அடிக்கத் தெரியேல்ல. நீ என்ன சொல்லுறாய்?"

மாமி வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஓம், அண்ணா" என்றார்.

நான் அழத் தொடங்கினேன். வெயில் பிடித்துவிட்டது என்று அப்பா நினைத்தார். மாமி என்னை மடியில் இழுத்துப்போட்டு, அவிழ்ந்திருந்த என் பின்னலை ஓட்டோவின் குலுக்கலுக்குள்ளேயே மறுபடி பின்னத் தொடங்கினார். மாமி சரியாகக் கவனிக்கவில்லை, பந்து வேலிக்கு அப்பால் போனதை வடிவாகப் பார்த்திருந்தால் ஓம் என்று சொல்லியிருக்கமாட்டார் என்றே நான் விக்கலோடு நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் நானும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மாமி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.