இரண்டு வண்டிக்கு ஒரு சங்கிலி

மலேசியாவில், ஜொகூர்பாருவில் நான் குடியிருக்கும் பிளாட்டில் சாயங்காலம் லிஃப்டில் ஏறினால், ஒவ்வொருவரும் வண்டியின் ஏதாவது ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் உள்ளங்கையில் ஸ்பார்க் பிளக். இன்னொருவர் கக்கத்தில் சீட். ஆறாவது மாடிச் சீனப் பெரியவர் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கழற்றிக் காய்கறிப் பையில் கீரையோடு போட்டு எடுத்து வருவார். வந்த புதிதில், இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மெக்கானிக் போலிருக்கிறது, நமக்கு நல்ல சகவாசம்தான் என்று நினைத்தேன். கீழே தூண்களுக்கு நடுவில் நிறுத்தியிருக்கும் மோட்டார்சைக்கிள் பட்டப்பகலிலேயே காணாமல் போகும், அதனால்தான் மனிதர்கள் ஆளுக்கொரு பாகத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பிடித்தவன். அங்கே வண்டியில் சாவி இல்லாவிட்டால்தான் திட்டு விழும். எந்த வண்டியை எந்த நேரத்தில் நகர்த்த வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. லாரியானாலும் சரி, பைக்கானாலும் சரி, சாவி அதிலேயே தொங்க வேண்டும். மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனவனைப் பார்த்து மேஸ்திரி கேட்பார்: “என்றா மாப்ள, சாவியத் தாலியாட்டம் கட்டிக்கிட்டுப் போயிட்ட?” அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு இங்கே வண்டி வாங்கிய நாளிலிருந்து தூக்கம் கெட்டது. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தால் பின் சக்கரம் கழன்றுவிடுமோ என்று யோசிக்கிற ஆள். வேலை செய்யும் பட்டறையோ ஊருக்கு வெளியே. நான் வேலைக்குப் போகிற நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் பெர்மிட் போகும். சேலத்தில் மகளின் படிப்புக்காக அபார்ட்மெண்டில் குடியிருக்கும் என் மனைவி சுகந்தியிடம் என்ன சொல்வேன்?

முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். மாடிப்படிக் கம்பியில் ஓர் இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்து, அதில் வண்டியைச் சங்கிலியால் கட்டினேன். பற்ற வைத்த வேலை நன்றாகவே இருந்தது. குடியிருப்புக் கமிட்டிக்காரர்கள் அதை அறுத்து எடுத்துவிட்டு, பொதுச் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதன் பிறகு வண்டியைக் கட்ட எனக்கு எதுவும் இல்லை. சக்கரத்தை அதே வண்டியோடு சேர்த்துத்தான் கட்ட முடிந்தது. அதை அப்படியே தூக்கி வேனில் போட இரண்டு பேர் போதும்.

அப்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் புதன்சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர். முந்தின நாளே போய்ச் சந்தைத் திடலில் படுக்கும்போது, தன் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பக்கத்து ஆளின் மாட்டுக் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார். அந்த ஆள் கெங்கவல்லிக்காரராக இருக்கலாம், ஆத்தூர்க்காரராக இருக்கலாம். கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. “ஒத்த மாட்ட அவுத்துட்டுப் போயிருவான். சோடி மாட்ட இழுத்தா ரெண்டு ஊட்டுக்காரனும் முழிச்சுக்குவான் சாமி” என்பார்.

என் வண்டிக்குப் பக்கத்தில் மக்சிக் சல்மாவின் வண்டி நிற்கும். மக்சிக் என்றால் நம் ஊர் அத்தை மாதிரி. கணவர் இல்லை. முச்சந்தியில் நாசி லெமாக் விற்கிறார். தேங்காய்ப் பாலில் வேக வைத்த சோற்றை இலையில் மடித்துக் கொடுப்பார்கள், அதுதான் நாசி லெமாக். அவருடையது காப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள், பழசு, பின்னால் பெரிய பெட்டி. அதுவரை நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அவர் வியாபாரத்துக்குப் போகமாட்டார் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீளமான சங்கிலியாக வாங்கி, இரண்டு வண்டியின் சக்கரத்துக்குள்ளும் விட்டுப் பூட்டினேன். அவர் வண்டிக்கும் சேர்த்துத்தானே காவல் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு. மறுநாள் பட்டறையில் ஓவர்டைம். கம்பெனி வேன் வந்தது, ஏறிப் போய்விட்டேன். சாவி என் பையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மக்சிக்குக்கு ஒரு கல்யாண ஆர்டர். நேபாளத்துக் காவலாளி என் அறைத் தோழனிடம் சொல்லி, அவன் எனக்குப் போன் செய்தபோது கையில் இருந்த வெல்டிங் ராடைப் போட்டுவிட்டு எழுந்தேன். முதலாளியின் லாரியிலேயே ஓடி வந்தேன். மக்சிக் தூணுக்குப் பக்கத்தில் சோற்றுப் பொட்டலங்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு நின்றார். கூட நாலைந்து பெண்கள். காவலாளி போனைக் கையில் தயாராக வைத்திருந்தான். போலீஸுக்கு என்று எனக்குத் தோன்றியது. முதலில் பூட்டைத் திறந்தேன். அவர் உடனே கிளம்பவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த மலாய் பட்டறை மலாய். ‘சந்தை’க்கும் ‘முடிச்சு’க்கும் அதில் சொல் இல்லை. மாடு மட்டும் தெரியும், லெம்பு. தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக்கொண்டு, “சாயா லெம்பு” என்றேன், நான் மாடு. பிறகு அவரைக் காட்டி, “மக்சிக் லெம்பு” என்றேன். இரண்டு கையையும் கோத்துக் காட்டி, “சாமா-சாமா” என்றேன். அதற்கு ஒன்றாக என்று அர்த்தம். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கைம்பெண்ணைப் பார்த்து, நீயும் நானும் மாடு, ஒன்றாக இருப்போம் என்று சொல்கிற வெளிநாட்டுக்காரனை என்ன செய்வது? மக்சிக் என்னைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் தூணருகே அவர் நின்றிருந்தார். என் பங்குக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். சங்கிலியை அவரே எடுத்து இரண்டு சக்கரத்திலும் விட்டுப் பூட்டினார். பிறகு கையை நீட்டி, “சத்து லாகி” என்றார். இன்னொன்று. மாற்றுச் சாவியைக் கேட்கிறார்.

சந்தையில் அப்பா போட்டது கயிறு. அந்த முடிச்சை எந்தக் கையும் அவிழ்க்கும். நான் போட்டது பூட்டு. அந்த வித்தியாசம் எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஆனாலும் கை தயங்கியது. அந்தச் சங்கிலியை விட்டால் என் வண்டிக்கு வேறு காவல் கிடையாது. அதன் சாவியை, தலையாட்டலுக்கு மேல் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சுகந்தியைப் போனில் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, சாவியக் குடுத்துட்டீங்களா?”

“ஆமா அம்மிணி.”

“அப்பறம் பூட்டு எதுக்குங்க? தொறந்தே போட்டிருக்கலாமுல்ல?”

“அந்தம்மா நல்லவங்க.”

“நல்லவங்கன்னு எந்த பாஷைல சொன்னாங்க?” என்று சிரித்தாள். சிரித்து முடித்து, “சரி உடுங்க. அங்க உங்களுக்குன்னு ஒரு ஆளு இருக்குதுன்னு நான் நிம்மதியா இருந்துக்கறேன்” என்றாள்.

அதன் பிறகு விடியற்காலையில் மக்சிக் பூட்டைத் திறந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டு, என் வண்டியைத் தனியாகச் சுற்றிப் பூட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் யார் பிந்தி வருகிறார்களோ அவர்கள் சேர்த்துப் பூட்டுவது என்று ஆனது. நான் வரத் தாமதமானால் ஜன்னலில் நின்று பார்ப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவான சொற்கள் இன்னும் ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

போன மாதம் லீவில் சேலம் போனேன். மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகச் சுகந்தி ஒரு வண்டி வாங்கியிருந்தாள். அபார்ட்மெண்டின் கீழே நிறுத்தியிருந்தது. பார்த்ததும் எனக்குப் பழைய பயம். செவ்வாப்பேட்டை இரும்புக் கடையில் சங்கிலி வாங்கி வந்தேன். பூட்டப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை நிறுத்த வந்தார். “ஏனுங்க, கேமரா இருக்குதுங்க. வாட்ச்மேன் இருக்கறாருங்க. எதுக்குங்க இத்தன பெரிய சங்கிலி?” என்றார். நல்ல மனிதர். என் பாஷைக்காரர். உங்கள் வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு எல்லாச் சொற்களும் இருந்தன. வாய் வரவில்லை. “சும்மாதானுங்க” என்றேன். அவர் தன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே லிஃப்டுக்குப் போனார்.

குனிந்து சங்கிலியை எடுத்தேன். கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு வண்டிக்கான நீளத்தைச் சொல்லிவிட்டிருக்கிறேன். ஒற்றைச் சக்கரத்தில் சுற்றச் சுற்ற, அது பாட்டுக்கு மிஞ்சிக்கொண்டே இருந்தது.