சாவித் துவாரத்தில் அட்சதை

1991 அக்டோபரில் எங்கள் வீட்டுக்கு வந்த கார், ஜெர்சி சிட்டியில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் யாரிடமும் இல்லாத கார். ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு, 1986 மாடல், அடர்பச்சை நிறம். முன்கண்ணாடி செங்குத்தாக நிற்கும்; பின்பக்கம் முதுகைக் கூனிக்கொண்டு சரியும். தூரத்திலிருந்து பார்த்தால் எதையோ தேடிக் குனிந்த ஆள் மாதிரி இருக்கும். விற்றவர் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்த கல்லூரிப் பேராசிரியர். ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போகிறவர், நல்லபடியாக வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். என் கணவர் விலையைப் பார்த்து வாங்கினார். மறுவாரமே வருத்தப்பட ஆரம்பித்தார்.

வருத்தத்தைக் கொடுத்தது எங்கள் வட்டம். ஜர்னல் ஸ்கொயரைச் சுற்றி வாடகைக்கு இருந்த ஏழெட்டுக் குடும்பங்கள். ஆண்கள் எல்லோரும் மன்ஹாட்டன் வங்கிகளில் கான்ட்ராக்ட் வேலை. சனிக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவோம். அந்த வட்டத்தில் இரண்டே வகைக் கார்கள்தான் உண்டு, இரண்டும் ஜப்பான். மூன்றாவது வகை ஒன்று இருக்க முடியும் என்பதே அவர்களுக்கு ஒரு விதமான ஒழுக்கக்கேடாகப் பட்டது. "சாப்பிட்டீங்களா" என்பதற்கு அடுத்தபடியாக அந்த ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட சொல் "ரீசேல் வேல்யூ".

எனக்கு அந்தக் கார் வேறு மாதிரி. நான் வந்திருந்தது கணவரைச் சார்ந்த விசாவில். வேலைக்குப் போகக் கூடாது. கோவையில் வரலாறு முதுகலை முடித்துவிட்டு, இங்கே ஜன்னலுக்கு வெளியே பஸ் போகும் நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவர் ரயிலில் அலுவலகம் போவார். வார நாட்களில் கார் சும்மா நிற்கும். அதில்தான் ஓட்டக் கற்றேன். 1992 ஏப்ரலில், இரண்டாவது முயற்சியில், லைசென்ஸ் வாங்கினேன். முதல் முயற்சியில் தேர்வாளர் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை எடுக்கச் சொன்னபோது, எடுக்கவே முடியவில்லை. அந்தக் காரில் சாவி ஸ்டியரிங் பக்கத்தில் கிடையாது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், கியர் தண்டுக்குப் பின்னால், கீழே ஒரு துவாரம். கியரை ரிவர்ஸில் போட்டால்தான் சாவி வெளியே வரும். பதற்றத்தில் அது எனக்கு மறந்துபோனது. தேர்வாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

லைசென்ஸ் வந்தபின் நான் போன முதல் இடம் நூலகம். அங்கே பழைய கார்ப் பத்திரிகைகளைத் தேடிப் படித்து, எங்கள் காரின் வம்சத்தைத் தெரிந்துகொண்டேன். ஈரோட்டிலிருந்து அம்மா வருடாவருடம் அனுப்பும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் என் குறிப்பேடு. அந்தக் கம்பெனி முதலில் விமானம் செய்த கம்பெனி. போர் முடிந்ததும் விமானம் வாங்க ஆளில்லாமல் காருக்கு மாறினார்கள். முதல் காரை வடிவமைத்த பொறியாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கார் ஓட்டும் லைசென்ஸே கிடையாதாம். இதைப் படித்த அன்று அந்த ஆட்கள் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. கார் எப்படி இருக்க வேண்டும் என்று முன்னால் பார்த்துப் பழகாதவர்கள் செய்த கார் என்பதால்தான் சாவி தரையில் இருக்கிறது என்று நானாக ஒரு காரணமும் வைத்துக்கொண்டேன். பிறகு படித்ததில், மோதலில் முழங்காலில் சாவி குத்தாமல் இருக்கவே அப்படி வைத்தார்கள் என்று இருந்தது. என் காரணத்தை நான் இன்னும் கைவிடவில்லை.

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் அதற்கு நல்ல காலம். பேராசிரியர்களும் கட்டடக் கலைஞர்களும் தேடி வாங்கினார்கள். சிக்னலில் எதிரே அதே கார் வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அந்த ஊரில் என்னை யாரென்றே தெரியாமல் வணங்கியவர்கள் அவர்கள் மட்டும்தான். ஆனால் நாங்கள் வாங்குவதற்கு முந்தைய ஆண்டே, 1990இல், ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி அந்தக் கார் வியாபாரத்தில் பாதியை வாங்கியிருந்தது. எங்கள் காரின் உருவத்தில் வந்த கார்கள் 1993உடன் நின்றன. அதன் பிறகு வந்தவை, வேறொரு ஐரோப்பியக் காரின் எலும்புக்கூட்டின் மேல் இந்தச் சட்டையைப் போட்டவை. சாவித் துவாரத்தை மட்டும் தரையிலேயே விட்டுவைத்தார்கள்.

1996 மே மாதம் கணவருக்கு டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், நிரந்தர வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. காரை இங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் போவது அவருடைய திட்டம். அங்கே போய் ஒரு ஜப்பான் கார் வாங்குவோம் என்றார். ஒரே கார் என்றால் அது அவரோடு அலுவலகம் போய்விடும். ரயிலும் பஸ்ஸும் இல்லாத ஊரில் நானும் குழந்தையும் பழையபடி ஜன்னலுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை நான் அழாமல், வரிசையாக, நாள் தேதியோடு எடுத்துச் சொன்னேன். அவர் நியாயமான மனிதர். இரண்டு நாள் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஓட்டிட்டே போலாம். டெக்சாஸ் போய்ச் சேந்துட்டா அது உன்ற கார், நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். நடுவழியில ஒரு தடவை நின்னுச்சுன்னு வையி, நிக்கற ஊர்லயே வித்துப்போட்டு பிளேன் ஏறிரலாம்."

நான் ஒப்புக்கொண்டேன்.

கிளம்புகிற சனிக்கிழமை காலை, கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறுவதாக ஏற்பாடு. பூஜை வேண்டும் என்றவரும் அவர்தான். காரை நம்பாதவர் பிள்ளையாரையாவது நம்பட்டும் என்று நான் விட்டுவிட்டேன். கோயில் கார் நிறுத்துமிடத்துக்கு எங்கள் வட்டம் முழுதும் வழியனுப்ப வந்திருந்தது. பின்கதவைத் திறந்து இருக்கையை மடித்தால் அந்தக் கார் ஒரு சின்ன அறை. கிரைண்டர், இரண்டு மூட்டை அரிசி, என் காலண்டர் தாள் கட்டுகள், குழந்தையின் கட்டில் எல்லாம் உள்ளே போயிருந்தன. அதைப் பார்த்த இரண்டு பேர் மனமில்லாமல் பாராட்டினார்கள்.

குருக்கள் சாவியை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார். பானெட்டில் சந்தனத்தால் ஓம் எழுதினார். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்டியரிங்கில் குங்குமம் வைத்துவிட்டு, சாவி போடுகிற இடத்திலும் வைப்பது வழக்கம் போலிருக்கிறது, தேடினார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். என் கணவர் கதவு வழியாகக் குனிந்து, "சாமி, இங்கீங்க, கீழ" என்று விரலால் காட்டினார். குருக்கள் முகம் மலர்ந்தது. குங்குமம் வைத்து, இரண்டு துளி தீர்த்தம் விட்டு, மந்திரம் சொல்லிக்கொண்டே ஒரு கை அட்சதையையும் அதன் மேல் தூவினார். மற்றக் கார்களில் அட்சதை ஸ்டியரிங்கின் மேல் பட்டு மடியில் உதிரும். இங்கே துவாரம் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

கற்பூரம் காட்டி முடிந்தது. நான் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். பாதிதான் இறங்கியது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை இறங்கியது, ஆனால் திரும்பவில்லை.

எங்களுக்குப் பின்னால் பூஜைக்கு ஒரு புத்தம்புது ஜப்பான் வேன் காத்திருந்தது. குருக்கள் சங்கடத்தோடு அந்தப் பக்கம் போனார். எலுமிச்சம்பழங்கள் நான்கும் நசுங்காமல் டயருக்கு முன்னால் பளபளவென்று இருந்தன. கிளட்சை மிதித்துத் தள்ளலாம் என்றார் ஒருவர். தள்ளி எங்கே போவது, டெக்சாஸுக்கா என்று கேட்டார் இன்னொருவர். கணவரோடு அதே வங்கியில் வேலை பார்த்த சென்னைக்காரர் ஒருவர், எங்கள் காரை முதல் நாளிலிருந்தே பிடிக்காதவர், என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம். ஜப்பான்காரன் வண்டிய வாங்கிட்டா, கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

"கண்ணைத் தொறந்து ஓட்டறதுக்குத்தானுங்க எனக்கு லைசென்ஸ் குடுத்திருக்காங்க."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவழி என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. அதனால் இது வழிதான். கணவர் கோயில் அலுவலக போனில் எங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடப் போயிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மெக்கானிக் போலந்துக்காரர். ரயில் பாலத்துக்கு அடியில் பட்டறை. ஸ்வீடன் கார்களை மட்டும்தான் தொடுவார். இழுவை வண்டியோடு ஒரு மணி நேரத்தில் வந்தார். மாலை போட்ட காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முழங்காலிட்டு, இருக்கைகளுக்கு நடுவே இருந்த மூடியைக் கழற்றி, ஊதி, உறிஞ்சி, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு கொக்கியால் கிளறினார். ஈரமும் மஞ்சளும் குங்குமமும் சேர்ந்து குழம்பாகியிருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாக அரிசி வந்தது; முழு அரிசி மூன்று, நொய் ஐந்தாறு. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டி, இது என்ன என்று கேட்டார். ஆசீர்வாதம் என்றேன். அவர் தலையசைத்தார். தங்கள் ஊரிலும் பாதிரியார் காருக்குத் தீர்த்தம் தெளிப்பார் என்றார். ஆனால் எந்திரத்துக்கு வெளியேதான் தெளிப்பார் என்றும் சொன்னார்.

சாவி திரும்பியது. நாலு பழமும் நசுங்கின. வழியனுப்ப வந்தவர்கள் கை தட்டினார்கள், சென்னைக்காரர் உட்பட.

பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தோம். குழந்தை தூங்கிவிட்டது. நானே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

"காலைல நின்னது கணக்குல வருமுங்களா?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோயல்ல நின்னது எப்படி நடுவழி ஆவும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாமி இங்கீங்கன்னு கையக் காட்டுனதே நாந்தானே" என்றார்.

அதன் பிறகு நான்கு நாள், ஆர்கன்சா வெயிலில்கூட, கார் ஒரு முறையும் நிற்கவில்லை. ரவுண்ட் ராக் வந்து சேர்ந்த தேதியைக் காலண்டர் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அங்கே நாலு வருடம் அது என் கார். அவருக்கு ஜப்பான் கார் ஒன்று வந்தது. அது எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் நினைவில்லாத அளவுக்கு நன்றாக ஓடியது. என் கார் நூலகத்துக்கும் நீச்சல் வகுப்புக்கும் பள்ளிக்கும் ஓடியது. ஆஸ்டினில் அதைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். பாகம் கேட்டால் முதலில் நாலு நாள் ஆகும் என்பார். பிறகு மூன்று வாரம் ஆனது. விரல் தூக்குகிறவர்கள் குறைந்தார்கள். புது மாடல் ஓட்டுகிறவர்களுக்கு நான் எதற்குக் கை காட்டுகிறேன் என்றே தெரியவில்லை. ஒரு பெண்மணி காரை ஓரங்கட்டி, தன் டயரில் காற்று இல்லையா என்று கேட்டாள். மகள் பள்ளி வாசலுக்குச் சற்று முன்னாலேயே இறங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். கேட்டால், "அம்மா, இட்ஸ் லவுட்" என்பாள்.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில், அந்த அமெரிக்கக் கம்பெனி மிச்சப் பாதியையும் வாங்கிவிட்டதாகச் செய்தி படித்தேன். அதே வசந்தத்தில் எனக்கு வேலை அனுமதி அட்டை வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு, ஒரு பள்ளி நூலகத்தில் உதவியாளர் வேலை. காலை எட்டு மணிக்கு நான் போய்த்தான் கதவைத் திறக்க வேண்டும்.

கார் என்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லை. ஆனால் பதினைந்து நிமிட வழிக்கு நான் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த நாளின் வேலை முடிந்துவிட்ட மாதிரி களைப்பாக இருக்கும். எங்கும் போக வேண்டிய கட்டாயம் இல்லாதவளுக்கு அது அருமையான கார். இப்போது எனக்குப் போக ஓரிடம் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது கணவரிடம், ஒரு ஜப்பான் கார் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். ஒன்பது வருடமாக அவர் கேட்க நினைத்த வார்த்தை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா ரோசன பண்ணிட்டியா? நான் ஒண்ணுஞ் சொல்லலியே."

"நாந்தானுங்க சொல்றேன்."

பச்சைக் காரை வாங்கியது ஆஸ்டினில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாள். அவரிடம் அதே மாடல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை இன்னும் பத்து வருடம் ஓட்ட, கியர் பெட்டியும் கதவுகளும் வேண்டும் என்றார். பாகங்களுக்காகத்தான் வாங்குகிறேன் என்பதை மறைக்காமல் சொல்லி, வருத்தமாக இருந்தால் விற்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் விற்றேன். கணவர் அன்று முழுதும் யாரிடமும் பேசாமல் புல் வெட்டினார்.

திங்கட்கிழமை என் ஜப்பான் காரில் ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். வானொலியைப் போட்டேன். எட்டுக்குக் கதவைத் திறந்தேன். எப்படி வந்தேன் என்பது எனக்கே நினைவில்லை.