ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி

என் அத்தானுக்கு லிப்ட் சோதிக்கும் வேலை. பெரிய கட்டடங்களில் லிப்டுக்குள் ஏறி, பொத்தான்களை அமுக்கி, ஒரு படிவத்தில் இருபத்து மூன்று கட்டங்களில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதையே செய்துகொண்டிருந்ததில், உலகத்தில் எதையும் இருபத்து மூன்று கட்டங்களுக்குள் அடைத்துவிடலாம் என்று மனுஷனுக்கு ஒரு நினைப்பு. என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் இந்த வேலையில் சேர்ந்திருக்கவில்லை. சேர்ந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

சொந்த வீடு வாங்குவது என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் முடிவெடுத்தார். "வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி ஏரியாவைப் பாக்கணும் மாப்ள. வீட்டை இடிச்சுக் கட்டலாம். ஏரியாவை இடிச்சுக் கட்ட முடியுமா?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டித் தொலைத்தேன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. இருவருக்கும் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆகவே ஏழு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய ஆராய்ச்சிக்குப் போயின.

புறநகர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. பையில் ஒரு ரசமட்டம், அதைச் சாலையில் வைத்து மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குனிந்து பார்ப்பார். தெரு அகலத்தை அளக்க டேப் வேண்டும். அதற்காகத் தனியாக ஒன்று வாங்க மாட்டார், அக்காவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். தெரு நடுவில் ஒரு வளர்ந்த மனுஷன் தையல் டேப்போடு மண்டியிட்டிருப்பதைப் பார்த்து ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். "ஒதுங்கி வாழற ஜனங்க, நல்லது" என்று அதற்கும் ஒரு மார்க் போடுவார்.

அவர் ஒதுக்கிய இடங்களைக் கேட்டால் வயிறு எரியும். ஓர் இடத்தில் 'வீடு வாடகைக்கு' பலகைகள் அதிகம், ஜனங்கள் ஓடுகிறார்களாம். இன்னோர் இடத்தில் ஒரு பலகைகூட இல்லை, ஓடக்கூட வசதியில்லாதவர்களாம். ஓர் இடத்தில் சலூனில் கூட்டம் என்று வேண்டாம் என்றார். ஏரிக்கரைப் பக்கம் ஓர் அருமையான இடம், அங்கே ஒரு நாய் அவரை முறைத்துவிட்டது. அது என்னையும்தான் முறைத்தது. நான் நோட்டில் எழுதவில்லை.

இத்தனைக்கும் வீடு அவசரமாக வேண்டியிருந்தது அக்காவுக்கு. அவள் ஒரு கடைக்காகப் பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். வாடகை வீட்டு மாடியில் ஒன்றரை அறை. அந்த அரை அறையில்தான் மெஷின். மிதித்தால் போதும், கீழ் வீட்டம்மா, அதாவது வீட்டுக்காரி, துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பாள். மெஷினின் கால்களுக்கு அடியில் அக்கா பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். அப்படியும் இடி நிற்கவில்லை. அந்த அம்மாள் எப்போது வெளியே போவாள் என்று ஜன்னலில் கண் வைத்திருந்து, செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அக்கா ஓடிப் போய் உட்காருவாள். தன் வேலையைத் திருட்டு வேலை மாதிரி செய்துகொண்டிருந்தாள். பார்க்க எனக்குப் பொறுக்காது.

போன வருஷம் வீட்டுக்காரி மேலே ஏறி வந்து முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு அந்த மெஷின் போகணும், இல்ல நீங்க போகணும். மூணு மாசம் டைம்."

அத்தான் அசரவில்லை. "மெஷினைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைக்கலாமே. ஆராய்ச்சி முடியற நேரம்" என்று திருவாய் மலர்ந்தார். அக்கா ஊசியில் நூலைக் கோக்கப் போனாள். நூல் மூன்று முறை ஊசிக்காதைத் தவறியதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மறு வாரம் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊருக்குப் போனோம். அக்காவும் வந்தாள். இரண்டு அறைகளும் சின்ன முற்றமுமாக ஒரு வீடு. பின்னால் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு சுவர். தெருவில் ஈ காக்கை இல்லை. அத்தான் கண்ணை மூடி நின்றார். மூலைக் கடைக்காரரிடம், "ஏங்க, இங்க சத்தம் கித்தம் எப்படி?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை ரொம்ப அமைதிங்க" என்றார் கடைக்காரர்.

அத்தான் நோட்டில் எழுதினார்: 'ரொம்ப அமைதி. பின்புறம் உயர்ந்த சுவர், நல்ல பாதுகாப்பு.' பத்துக்குப் பத்து. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். எனக்கு அதுவே பழகிவிட்டது.

அவர் நோட்டை மூன்று முறை படித்தார். இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்து, குடி போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதான்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குப் போன். அத்தான் கத்துகிறார், ஒன்றும் புரியவில்லை. பின்னணியில் யாரோ ஊரையே தட்டி நிமிர்த்துகிற மாதிரி சத்தம். வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுப் பறந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், வழியெல்லாம் எனக்குக் கொண்டாட்டம். ஏழு வருஷமாக அடக்கிவைத்த வசனங்களை ஸ்கூட்டரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

சுவருக்குப் பின்னால் தகர டிரம் செய்கிற பட்டறை. திங்கள் முதல் சனி வரை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, நூறு பேர் தகரத்தை அடிக்கிறார்கள். ஞாயிறு விடுமுறை. அத்தான் பிரிக்காத பெட்டி ஒன்றின் மேல், ஆபீஸ் சட்டையோடு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருபத்து மூணு பாயின்ட் பாத்தேனே மாப்ள!"

"கிழமையைப் பாத்தீங்களா அத்தான்?" என்று கத்தினேன். முதல் வசனம் அதுதான். அவர் முகம் விழுந்துவிட்டது. மீதியைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. கடைக்காரர் சொன்னதை நானும்தானே கேட்டேன்.

அக்காவைத் தேடி உள்ளே போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். முற்றத்து வெளிச்சத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கால் தாராளமாக மிதிக்கிறது, சக்கரம் பறக்கிறது, அதன் சத்தம் எனக்குத் துளிகூடக் கேட்கவில்லை. மெஷினின் கால்கள் வெறும் தரையில் இருந்தன. கம்பளி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, இந்தச் சத்தத்துல எப்படி இருப்பே?"

தைப்பதை நிறுத்தாமல் என் காதருகே சாய்ந்தாள். "கேக்குதுல்ல? இதுல என் மெஷின் சத்தத்தை யாராவது கண்டுபிடிக்கட்டும் பாக்கலாம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்குப் பாத்துட்டு வந்தோம்ல, அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தேன். இந்தச் சுவரண்டை அரை மணி நேரம் நின்னேன். போதும்னு தோணுச்சு."

"அத்தான்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இந்த வீட்டையும் நோட்டுல அடிச்சுடுவாரு. அப்புறம் இன்னும் ஏழு வருஷம்."

அவர் ஏழு வருஷம் தேடிக்கொண்டிருந்ததை, அவள் ஒரு பஸ் டிக்கெட்டில் முடித்திருக்கிறாள். அவரை மட்டம் தட்ட ஸ்கூட்டரில் பறந்து வந்த நானும் ஞாயிற்றுக்கிழமை ஆசாமிதான்.

அத்தான் வாசற்படியில் வந்து நின்றார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இதை வித்துடலாம்" என்று கத்தினார். "வடக்குப் பக்கம் ரெண்டு ஏரியா பாக்கி இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமையே..."

அக்கா காலை நிறுத்தினாள். எழுந்து போனாள். அவர் சட்டைப் பையில் வால் நீட்டிக்கொண்டிருந்த தையல் டேப்பை உருவி எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு இது வேணும்" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.