நாலரைச் சங்கு ஊதுற வரைக்கும்

என் மகளைத் தொலைச்சவ நான்தான். அதை மொதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேணாம். அன்னிக்கு அந்தக் கரையில நாப்பது பேர் நின்னாங்க, நாப்பது பேரும் அதைத்தான் சொன்னாங்க. தேடிக் கண்டுபிடிச்சவளும் நான்தான். அதை மட்டும் இன்னிய வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல.

எழுபதுகளோட ஆரம்பம் அது. நான் பொறந்து வளந்தது ராயபுரத்துல, மாதா கோயில் மணி கேக்குற ஒரு சந்துல. எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குனவர். என்னைக் கட்டிக் குடுத்தது எண்ணூருக்கு. வூட்டுக்காரருக்கு அங்க ஒரு கம்பெனியில இரும்பு உருக்கி ஊத்துற வேலை. கம்பெனி மதிலை ஒட்டுன தெருவுல எங்களுக்கு ஒரே ரூம், முன்னால ஒரு தாவாரம். அந்தத் தெருவுல ஒரு வூட்டுலயும் கடிகாரம் கெடையாது. கம்பெனி சங்குதான் எங்களுக்கு மணி. காலையில ஏழரைக்கு ஊதுனா ஆம்பளைங்க உள்ள. பன்னண்டுக்கு ஊதுனா சோறு. சாயந்திரம் நாலரைக்கு ஊதுனா வூடு.

என் மூத்த பொண்ணுக்கு அப்போ நாலு வயசு முடியல. நாலரைச் சங்கு கேட்டாப் போதும், வாயில இருக்குறத துப்பிட்டு ஓடுவா. தெருமுனையில ஒரு அடிபம்பு உண்டு. அதுங்கிட்ட போய் நின்னுகினு, அவங்கப்பா சைக்கிள் வர்ற வரைக்கும் அசைய மாட்டா. அவரு அவளைத் தூக்கி முன்னால குந்தவெச்சு வூடு வரைக்கும் தள்ளிகினு வருவாரு. சில நாளு பன்னண்டுச் சங்குக்கே ஓடுவா. "அது சோத்துச் சங்குடி, வூட்டுச் சங்கு இல்ல, உள்ள வா"ன்னு முதுகுல ஒண்ணு வெச்சு இஸ்துகினு வருவேன்.

இன்னொண்ணும் அவளுக்கு நான் சொல்லிக் குடுத்திருந்தேன். எங்க தெரு லாரி வந்துகினே இருக்குற தெரு. எந்தெந்த ஊரு ஆளோ வருவான், போவான். அதனால, "புள்ள புடிக்கிறவன் சாக்கு எடுத்துகினு வருவான். உன் பேரு சொல்லிக் கூப்புடுவான். வாயத் தொறக்காத. ஒளிஞ்சிக்க. மூச்சு வுடாத"ன்னு தெனமும் சொல்லுவேன். பக்கத்து வூட்டு ஆளை வெச்சுப் பரீட்சையும் பண்ணிப் பாத்தேன். அவர் தலையில சாக்கைப் போட்டுகினு வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்ட்டாரு. என் மக கட்டிலுக்கு அடியில போயி அப்படியே கெடந்தா, ஒரு சத்தம் இல்ல. நான் கைதட்டிச் சிரிச்சு அவளை வெளிய வரச் சொன்னேன். என் புள்ள மாதிரி கெட்டிக்காரி எவளும் இல்லன்னு தெரு பூரா பீத்திக்கினேன்.

என் நாத்தனாரு, அதாவது வூட்டுக்காரரோட அக்கா, வாக்கப்பட்டிருந்தது முகத்துவாரத்துக்கு அந்தாண்ட இருக்குற ஒரு குப்பத்துல. அவங்க சின்னப் பையனுக்குக் காது குத்துன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. வூட்டுக்காரருக்கு லீவு இல்ல. நான் மட்டும் புள்ளைய இட்டுகினு காலையில படகு ஏறிப் போனேன். படகை வுட்டா அங்க போக வேற வழி கெடையாது. மணல் மேல முப்பது குடிசை. கெழக்கால கடலு. தெக்கால முகத்துவாரம், அங்கதான் படகுத்துறை. மேக்கால பாத்தா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் உப்பளம். பாத்தி, வரப்பு, அங்கங்க பனையோலை போட்டு மூடுன உப்புக் குவியலு, அவ்ளோதான். உப்பு வார்றவங்க விடியுறதுக்கு முன்ன வந்து, வெயில் ஏர்றதுக்குள்ள கெளம்பிப் பூடுவாங்க. அப்பால அங்க ஒரு ஈ காக்கா இருக்காது.

காது குத்து முடிஞ்சுது. நான் குடிசைக்குப் பின்னால குந்திகினு மீனு நறுக்கிகினு இருந்தேன். புள்ளைங்க எல்லாம் மணல்ல ஆடுதுங்க. அப்போ தெக்கால இருந்து, தண்ணியத் தாண்டி, எங்க கம்பெனி சங்கு சன்னமா கேட்டுது. பன்னண்டாச்சு, இந்நேரம் அவரு சோத்துத் தூக்கைத் தொறப்பாருன்னு நெனச்சேன். அது மட்டும்தான் நெனச்சேன். அதே சத்தம் என் புள்ள காதுலயும் வுழுந்திருக்குமேன்னு எனக்குத் தோணல பாரு, அதுக்கு என்னை எதால அடிச்சாலும் தகும்.

பந்தியில எலை போட்டப்புறம்தான் அவளைக் காணோம்னு தெரிஞ்சுது. குடிசை குடிசையாப் பாத்தோம். நாத்தனாரு மக, ஆறு வயசு, அவ சொன்னா: "அது படகாண்ட போச்சு."

படகுன்னு சொன்னதுதான் தாமசம். சாப்புட்டுகினு இருந்த ஆம்பளைங்க எலையை அப்படியே வுட்டுட்டு எழுந்து ஓடுனாங்க. துறையில எட்டு பேரு சடார்னு தண்ணியில குதிச்சாங்க. அந்த ஜனத்தைப் பத்தி நான் ஒரு கொறை சொல்ல மாட்டேன். யாரு பெத்த புள்ளைக்கோ உசுரைக் குடுக்குறவங்க. ஆனா அவங்களுக்கு எது தொலைஞ்சாலும் தண்ணியிலதான் தொலையும். அவங்க அப்பன், அண்ணன், படகு, வலை எல்லாமே அப்படித்தான் போயிருக்கு. அதனால அத்தினி பேரும் தண்ணியப் பாத்துகினு நின்னாங்க. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது, காத்து எங்க தள்ளுதுன்னு பேசிக்கினாங்க. உப்பளத்துக்கு எல்லாரும் முதுகைக் காட்டிகினு நின்னாங்க.

நான் கத்துன கத்துல நாலஞ்சு பேரு மட்டும் உப்பளத்து ஓரம் வரைக்கும் போனாங்க. வெயிலுக்குத் தலையில சாக்கை மடிச்சுப் போட்டுகினு, வரப்பு மேல நின்னு அவ பேரைச் சொல்லிக் கூவுனாங்க. பதில் இல்ல. திரும்பி வந்துட்டாங்க. "அங்க இருந்தா கேட்டிருக்காதா? வாயத் தொறந்து அழுவாதா?"ன்னாங்க. நானும் அந்த நேரம் அதை நம்புனேன்.

வெயிலு சாய ஆரம்பிச்சுது. ஊர்ப் பெரியவரு ஒருத்தர், தலை பூரா நரைச்ச மனுசன், "வலைய எடுத்தாங்கடா"ன்னாரு. பெரிய வலையைத் தோள்ல போட்டுகினு நாலு பேரு வந்து துறையில எறக்குனாங்க. அந்த வலை எதுக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு படகுக்கு நடுவுல கட்டி அடியோட இழுப்பாங்க. உயிரோட இருக்குறத தேட எவனும் வலை எடுக்க மாட்டான். கரையில குந்தியிருந்த பொம்பளைங்க கொண்டையை அவுக்க ஆரம்பிச்சாங்க.

எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ அந்த ஆங்காரம். "எவளாவது வாயில இருந்து ஒப்பாரி வந்துச்சு, அவ மயிரைக் கையில எடுத்துருவேன்!"னு கத்துனேன். நேராப் போயி அந்த வலை மேல குந்திட்டேன்.

பெரியவருக்கு மொகம் செவந்து போச்சு. "எழுந்துரு பொண்ணே. பொம்பள வலைய மிதிக்கக் கூடாது."

"மிதிக்கல நைனா. குந்திகினு கீறேன்."

"இன்னா பேச்சு பேசுற நீ? புள்ளைய வுட்டுட்டு மீனு நறுக்கிகினு இருந்தவளுக்கு வாயைப் பாரு"ன்னு பின்னால ஒரு குரலு.

"ஆமா, வுட்டவ நான்தான்! அதுக்கு அப்பால வந்து என்னைச் செருப்பால அடி. இப்போ நான் சொல்றதக் கேளு. தண்ணியில வுழுந்திருந்தா என் புள்ள இந்நேரம் செத்திருக்கும். பொணத்துக்கு இன்னா அவசரம்? நாளைக்கு இழு, நாளன்னிக்கு இழு. உயிரோட கீற புள்ளைக்குத்தான் தாகம், வெயிலு, அவசரம் எல்லாம். மொதல்ல அதத் தேடு!"

சொல்லிட்டேனே தவிர, உள்ளுக்குள்ள மாதாவே, தாயேன்னு மனசு அடிச்சிக்குது. ஆனா அந்த நாப்பது பேர் முன்னால ஒரு சொட்டு கண்ணீர் வுடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிகினேன். நான் அழுதா வலை தண்ணிக்குள்ள எறங்கிரும், அது எனக்கு நல்லாத் தெரியும்.

நாத்தனாரு மகளை இழுத்து மடியில போட்டுகினேன். "கண்ணு, அவ படகாண்ட எப்போ போனா? போறப்ப இன்னா சொன்னா?"

"சங்கு ஊதுச்சே அத்தை, அப்போ. அப்பா வருதுன்னு சொல்லிச்சு."

சங்கு கேட்டிருக்கா. அப்பா வர்றாருன்னு கெளம்பியிருக்கா. அக்கரைக்குப் போற படகு அந்நேரம் துறையில இல்ல. படகு இல்லன்னா நின்னுடுவாளா? கரையோட நடந்திருப்பா. கரையோட நடந்தா மேக்கால உப்பளம். அப்புறம் இன்னொண்ணும் புரிஞ்சுது. புரிஞ்சப்போ என் வாயிலயே அடிச்சிகினேன். தலையில சாக்கு போட்ட ஆளுங்க, அவ பேரைச் சொல்லிக் கூப்புடுறாங்க. நான் தெனமும் சொல்லிக் குடுத்தது அப்படியே நடந்திருக்கு.

"கத்தாதீங்க! இனிமே எவரும் அவ பேரைச் சொல்லாதீங்க. தலையில கீற சாக்கை எடுத்துப் போடுங்க. கூப்புட்டா வர மாட்டா. நாலரைச் சங்கு ஊதட்டும், அப்போ வருவா"ன்னேன்.

பாவம், புத்தி பெசகிப் போச்சுன்னு யாரோ முணுமுணுத்தாங்க. பெரியவரு வலையோட ஓரத்தைப் புடிச்சு இழுத்தாரு. அப்போதான் என் நாத்தனாரு எழுந்து வந்தா. அவளுக்கும் எனக்கும் கல்யாணத்தன்னியிலேர்ந்தே ஆகாது. நான் ராயபுரத்துத் திமிரு புடிச்சவளாம், அவ ஊரு பூரா அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தா. வந்தவ எனக்குப் பக்கத்துல வலை மேல பொத்துனு குந்துனா. தன் புருசனைப் பாத்து, "இன்னா மொறைக்கிற? அவ சொல்றதச் செய்யி"ன்னா.

பெரியவரு வலையோட ஓரத்தைக் கையிலேர்ந்து வுட்டாரு. "சங்கு வரைக்கும்தான்"னாரு.

அத்தினி பேரும் உப்பளத்துக்குள்ள எறங்குனோம். ஆளுக்கு ஒரு வரப்பு. செருப்பில்லாம, பேச்சில்லாம. மீன்காரங்க அத்தினி பேரு ஒண்ணா வாய மூடிகினு நடந்தத நான் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல, பின்னயும் பாத்ததில்ல. பாத்தித் தண்ணி கண்ணைக் கூசுது. பாதத்துல உப்பு அறுக்குது. குவியலுக்குக் குவியலு நின்னு காது குடுத்துக் கேட்டேன். காத்துல ஓலை படபடங்குறது மட்டும்தான் கேட்டுது. வந்த வழியத் திரும்பிப் பாத்தா, துறையில வலை கருப்பாத் தெரிஞ்சுது.

சங்கு ஊதுச்சு. தெக்கத்திக் காத்து அன்னிக்கு நல்லா வீசுச்சு, நல்லாவே கேட்டுது. ஊதி முடிஞ்சுது. ஒண்ணும் நடக்கல. பெரியவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

எனக்கு ரெண்டு குவியலு தள்ளி ஒரு ஓலை ஆடுச்சு. அடியில இருந்து ஒரு கை. அப்புறம் தலை. மயிரு, பாவாடை, கண்ணு மயிரு வரைக்கும் உப்பு. என் மக எழுந்து நின்னா, பாவாடையைத் தூக்கிப் புடிச்சா, ஓட ஆரம்பிச்சா. என்கிட்ட இல்ல. என்னைப் பாக்கவே இல்ல அவ. சங்கு வந்த பக்கமா, தெக்கால, தண்ணியப் பாத்து ஓடுறா!

நான் ஓடுனேன் பாரு, அப்படி ஒரு ஓட்டம் ஜென்மத்துல ஓடுனதில்ல. தண்ணிக்கு முன்னாடி புடிச்சிட்டேன். புடிச்சா ஒதைக்குறா. "வுடும்மா, அப்பா வருது! வுடு!" ஒதடு வெடிச்சு ரத்தம் கசிஞ்சிகினு இருந்துச்சு.

"ஏண்டி, அத்தினி பேரு கூப்ட்டாங்களே, ஏன் வாயத் தொறக்கல?"

அவ ஒதைக்குறத நிறுத்திட்டு என்னைப் பாத்தா. "சாக்குக்காரங்கம்மா. நான் ஒளிஞ்சிகினேன். மூச்சே வுடலியே"ன்னா. சொல்லிட்டு என் மொகத்தையே பாத்துகினு கீறா. அவ எதுக்குக் காத்திருக்கான்னு எனக்கு ஒரு நிமிசம் வெளங்கல. அப்புறம் வெளங்குச்சு. நாப்பது பேரும் பாக்க, அந்த உப்பு மண்ணுல முட்டி போட்டு, நான் அவளுக்குக் கைதட்டுனேன்.

துறைக்குத் திரும்பி வந்தா பெரியவருக்கு இன்னொரு கவலை. இந்த மாதிரி விசயத்துக்கு எடுத்த வலையைக் காஞ்சபடி திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம், தண்ணி காட்டணுமாம். "ஒரு தடவ நனைச்சு எடுத்துடுறோம் பொண்ணே, வழக்கம்"னாரு. கொரல் இப்போ எறங்கிப் போயிருந்துச்சு.

"என் புள்ள பேருல எடுத்த வலை நனையாது நைனா. நீங்க இன்னா வழக்கம் சொன்னாலும் சரி"ன்னேன். அதை அப்படியே படகுல போடச் சொல்லி, அது மேலயே என் மகளைக் குந்தவெச்சேன். நாத்தனாரு புருசன் மறுபேச்சில்லாம துடுப்பை எடுத்தாரு. வலை மேல குந்திகினு அவ ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா.

எங்க தெருவுக்கு வந்து சேர்றப்போ பொழுது சாஞ்சிருந்துச்சு. அடிபம்பாண்ட சைக்கிளைச் சாச்சு வெச்சுகினு அவரு நின்னுகினு இருந்தாரு. வேலை முடிஞ்சு வந்தவரு, புள்ள வரட்டும்னு அங்கயே காத்துகினு இருந்திருக்காரு. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. என் மக என் கையை உதறிட்டு ஓடிப் போயி, இடுப்புல கைய வெச்சுகினு, "சங்கு ஊதி எத்தினி நேரம் ஆச்சு! நீ ஏன் அப்பா வர்ல?"ன்னு கேட்டா.

அவரு சிரிச்சுகினே அவளைத் தூக்கி சைக்கிள் முன்னால குந்தவெச்சாரு. அந்தக் கரையில நான் அடக்கி வெச்சது அத்தினியும் அப்போதான் ஒடைஞ்சுது. பம்பைப் புடிச்சுகினு, தெருவே வேடிக்கை பாக்க, ஓன்னு அழுதேன்.

அவரு சைக்கிளை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாரு. "இன்னாடி ஆச்சு உனக்கு? காது குத்துனது அந்தப் பையனுக்கா, உனக்கா?"ன்னாரு.